கடைசிப் பாட்டு வழியாக உள்ளே போனேன்

அன்பின் அக்கா,

போன மாதம் எழுதிய கட்டுரையில், உங்களோடு நெடுங்காலம் கூடவே வந்த அல்பம் என்று ஆங்கில இசைக்குழுவான ரேடியோஹெட்டின் 'கிட் ஏ'யைச் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் கேட்டேன். அந்தக் குழுவின் பழைய பாட்டுகள் எனக்கு நன்றாகப் பிடிக்கும். கிட்டாரும் ஓரளவு வாசிப்பேன். தினமும் காரைதீவிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து போகிறேன், பஸ்ஸில் போக வர மூன்று தரம் முழுதாகக் கேட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், ஒன்றும் ஒட்டவில்லை. கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. பாடுகிறவரின் குரலை வெட்டிக் கொத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டில் ட்ரம்பெட்டுகள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கின்றன. இன்னொன்றில் பாட்டே இல்லை. இது ரொக்கா, ஜாஸா, கணினி இசையா என்றும் பிடிபடவில்லை. இணையத்தில் எல்லாரும் தலைசிறந்த படைப்பு என்கிறார்கள். பெரிய பெயர் என்பதால் பிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார்களோ என்று சந்தேகம் வருகிறது.

உங்களுக்கு முதல் தடவையே பிடித்ததா? இல்லையென்றால் எப்போது, எப்படிப் பிடித்தது? பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அது இசையா, வீட்டுப்பாடமா?

ஒரு வாசகர்,
காரைதீவு

அன்பின் தம்பி,

முதல் தடவை எனக்கும் பிடிக்கவில்லை. மூன்றாம் தடவையும் பிடிக்கவில்லை. கணக்குப் பார்த்தால், அந்தச் சீடி கைக்கு வந்து கிட்டத்தட்ட மூன்று வருடம் பிடிக்காமலேதான் இருந்தது. ஆகவே மூன்று தரம் கேட்டும் ஒட்டவில்லை என்பதை நான் உங்கள் குறையாக நினைக்கவே மாட்டேன். பெரிய பெயருக்காகத் தலையாட்டாமல் உள்ளதை எழுதினீர்களே, அதற்கு நன்றி. என் கதையைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான்.

1997இல் வந்த அவர்களின் முந்திய அல்பம் 'ஓகே கொம்பியூட்டர்' எனக்குக் கசெட்டாகக் கிடைத்தது. லண்டனில் இருந்த பெரியம்மாவின் மகன் பதிந்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். நான் அப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் மட்டக்களப்பில் பொழுது பட்டால் தெருவில் ஆள் இராது. கதவைச் சாத்திக்கொண்டு, வோக்மனில் பற்றரி இறங்கிக் குரல் இழுபடத் தொடங்கும்வரை கேட்பேன். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கிட்டார் எழும்பும் என்பது எனக்குப் பாடம். 2001 தை மாதம் அதே அண்ணன் 'கிட் ஏ'யை அனுப்பியபோது, உறையைப் பிரிக்க முன்பே எனக்குள் அந்தக் கிட்டார் ஒலித்துக்கொண்டிருந்தது. பிறகென்ன, அல்பத்தின் ஏறத்தாழ ஐம்பது நிமிடமும் அது இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. உண்மையிலேயே கோபம் வந்தது. நெருங்கிய ஒருவர் ஊருக்கு வந்தும் நம் வீட்டுக்கு வராமல் திரும்பிப் போனால் வருமே, அப்படி ஒரு கோபம்.

அந்த அல்பம் எப்படி உருவானது என்பதைப் பிறகு படித்தறிந்தேன். 'ஓகே கொம்பியூட்டர்' தந்த புகழும் அதன்பின் நடந்த நீண்ட சுற்றுப்பயணமும் குழுவின் பாடகர் தொம் யோர்க்கை நொறுக்கியிருந்தன. பாட்டு எழுத வரவில்லை. வானொலியைத் திருப்பினால் தங்களைப் போலவே ஒலிக்கும் குழுக்கள். அவர் வார்ப் என்ற நிறுவனம் வெளியிட்ட பழைய இசைத்தட்டுகளை மொத்தமாக வாங்கினார். ஏபெக்ஸ் ட்வின், ஒட்டெக்கர் போன்ற மின்னிசைக்காரர்களின் தட்டுகள் அவை. 1999இல் பாரிஸில் பதிவைத் தொடங்கி, கோப்பன்ஹேகன், குளொஸ்டர்ஷயர் என்று அலைந்து, ஒக்ஸ்போர்டில் முடித்தார்கள். மூன்று பேர் கிட்டார் வாசிக்கிற குழு அது. கிட்டார் இல்லாத பாட்டில் தன் கைக்கு என்ன வேலை என்று அவர்களில் சிலருக்கே மாதக்கணக்கில் விளங்கவில்லை. இதை அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. செய்தவர்களுக்கே பழகக் காலம் எடுத்த ஒன்று, வந்தாறுமூலையில் இருந்த எனக்கு ஒரே நாளில் பழகியிருக்க முடியாது.

2000 ஒக்டோபரில் அது வெளிவந்தபோது ஒரு பாட்டைக்கூடத் தனியாக சிங்கிளாக விடவில்லை. இருந்தும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பிடித்தது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நாவலாசிரியர் நிக் ஹோர்ன்பி 'நியூயோர்க்கர்' இதழில் ஏறக்குறைய உங்கள் கேள்வியைத்தான் கேட்டார்: இரவுக்கிரவு வீட்டில் உட்கார்ந்து தன்னையே கொடுத்துக் கேட்கச் சொல்கிறது இந்த அல்பம், பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு ஏது நேரம் என்று. நியாயமான கேள்வி. ஆனால் என் அனுபவம் வேறு. நான் உட்கார்ந்து கேட்ட நாட்களில் அது எனக்கு எதையுமே தரவில்லை. என்னிடம் அது வந்தது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது.

2003, கிறிஸ்மஸுக்கு முந்திய கிழமை. அப்போது நாங்கள் கல்லடியில் இருந்தோம். தம்பி முன் அறையில் ஏதோ சீடியைப் போட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். அது 'கிட் ஏ' என்பதுகூட எனக்குப் புலப்படவில்லை, குசினிக்குள் துருவுபலகையின் சத்தமே பெரிதாக இருந்தது. ஒரு பாதித் தேங்காய் முடிந்து மற்றப் பாதியை எடுத்த இடைவெளியில், முன் அறையிலிருந்து எங்கள் கோயில் ஓர்கன் கேட்டது.

எங்கள் கோயிலில் அந்த நாளில் காலால் மிதிக்கிற ஓர்கன் ஒன்று இருந்தது. மாமிதான் வாசிப்பார். எனக்கு ஏழு, எட்டு வயது. விடியற்காலைப் பூசைக்கு மாமியோடு போய், ஓர்கன் பக்கத்தில் பாயில் இருப்பேன். பாடுகிறவர்கள் மேலே நிற்பார்கள், என் முகத்துக்கு நேரே இருப்பது மாமியின் கால்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இடது, வலது, இடது என்று மிதிப்பார். மிதிபலகையில் ஒட்டியிருந்த துணி குதிகால் படும் இடத்தில் தேய்ந்து, உள்ளே மரம் மினுங்கும். விரல் கட்டையில் படுவதற்கு முன்பே காற்று வந்துவிடும். ஸ்… என்று ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகுதான் சுரம். மாமி களைத்த நாட்களில் பாட்டின் முடிவில் சுரம் மெல்ல இறங்கும், மிதியின் கிரீச்சும் கேட்கும். தேவபாட்டின் சொற்களில் பாதி எனக்கு மறந்துவிட்டன. அந்த மூச்சு மறக்கவில்லை.

'மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ரக்' அப்படித்தான் தொடங்குகிறது. அல்பத்தின் கடைசிப் பாட்டு அது. ஒரு மிதி ஓர்கன், அதன்மேல் தளர்ந்த ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் யாழ் போன்ற ஹார்ப் ஒலிகள் வந்து சுற்றிக்கொள்ளும். 1950களின் டிஸ்னிப் படங்களின் பின்னணி இசையை நினைத்து அவற்றைச் சேர்த்தார்களாம். தேங்காய்ப் பாதி கையிலிருக்க நான் முன் அறை வாசலில் நின்றேன். மூன்று வருடமாக வீட்டில் இருந்த சீடி. இந்தப் பாட்டை அதற்கு முன் எத்தனையோ தரம் கடந்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு தரமும் முதல் பாட்டிலேயே மனம் சோர்ந்து, கடைசிக்கு வரும்போது காது மூடிப்போயிருக்கும்.

அன்றிலிருந்து அந்த அல்பத்தைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கேட்கத் தொடங்கினேன். யோசித்துச் செய்யவில்லை. கடைசிப் பாட்டுக்காகப் போடுவேன், அது வருவதற்குள் அதற்கு முந்தின பாட்டு காதில் விழும். அப்படி 'மோர்னிங் பெல்' பழகியது. அதன் தாளம் ஐந்தெண்ணிக்கை, நம் கண்டச்சாப்பு போல. மிருதங்கம் படித்த யாரையாவது பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், அவர் கை தானாகவே தொடையில் போடும். பிறகு அதற்கு முந்தினது, அதற்கு முந்தினது.

மறுகா, 2004 மார்கழி 26, சுனாமி. கல்லடிக்கும் டச்பாருக்கும் நாவலடிக்கும் அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காரைதீவும் அதே கடலோரம்தான். எங்கள் வீட்டில் பொருள் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. புளியந்தீவில் சிநேகிதி ஒருத்தி இரவல் வாங்கியிருந்ததால் அந்தச் சீடி தப்பியது. அவள் வீட்டில்தான் மூன்று மாதம் இருந்தோம். அந்த மாதங்களில் சொல் உள்ள எந்தப் பாட்டையும் என்னால் கேட்க முடியவில்லை. தேவபாட்டும் முடியவில்லை, சினிமாப் பாட்டும் முடியவில்லை. யாரோ என்னிடம் ஏதோ கேட்கிறார்கள், பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல இருக்கும். நீங்கள் 'பாட்டே இல்லை' என்று எழுதிய அந்த 'ட்ரீஃபிங்கர்ஸ்' மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் மற்றவர்கள் படுத்த பிறகு அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு கிடப்பேன். தாளம் இல்லை, குரல் இல்லை, நீருக்குள் வெளிச்சம் அசைவதுபோல ஒரு ஒலி. அது எந்த வாத்தியம் என்று பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். குழுவின் எட் ஓ'பிரையன் வாசித்த கிட்டார், தம்பி. அவர் வாசித்ததைப் பதிந்து, யோர்க் அதை இழுத்துக் கரைத்து அப்படி ஆக்கியிருக்கிறார். நான் முதல் நாள் தேடிய கிட்டார், நீங்கள் பஸ்ஸில் தேடிய கிட்டார், அங்கேதான் இருக்கிறது.

'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி' பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அதில் மேலே ஊளையிடுவதுபோல ஒன்று நெளிந்துகொண்டே போகும், வயலினும் இல்லை, மனிதக் குரலும் இல்லை. அது ஒந்த் மார்த்தனோ என்ற கருவி. முதலாம் உலகப்போரில் தந்தி வானொலியில் வேலை செய்த மொறிஸ் மார்த்தனோ என்ற பிரெஞ்சு செல்லோக்காரர், அந்த வானொலிக் கருவிகளின் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கேட்டு, அதை இசையாக்கலாம் என்று நினைத்தார். 1928இல் கருவியை மேடையேற்றினார். விரலில் ஒரு வளையம், வளையத்தோடு சேர்ந்து நகரும் ஒரு நூல், சுரத்துக்குச் சுரம் வழுக்கிக்கொண்டே போகலாம். குழுவின் கிட்டார்காரர்களில் ஒருவரான ஜொனி கிரீன்வூட் பதினைந்து வயதில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் சிம்பொனியில் இதைக் கேட்டு மயங்கியவர். இந்தப் பாட்டின் தந்தி வாத்தியங்களை டோர்செஸ்டர் என்ற ஊரின் பழைய மடாலயத் தேவாலயம் ஒன்றில் வைத்துப் பதிந்தார்கள்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் மட்டக்களப்பு வாவிதான் நினைவுக்கு வரும். வளாகத்தில் படித்த நாளில் ஒரு பறுவ இரவு, மாமா எங்களைத் தோணியில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினார். துடுப்பின் ஒரு நுனியை நீரில் வைத்து மறு நுனியைக் காதில் வைக்கச் சொன்னார். முதலில் தோணியில் தண்ணீர் அடிக்கும் சத்தம்தான். கால் மணி நேரம் போயிருக்கும். மாமா பேசவேயில்லை, நாங்களும் பேசவில்லை. பிறகு அடியிலிருந்து மெல்லிய முரல்வு ஒன்று வந்தது. வந்தது என்பதைவிட, அது முன்பிருந்தே இருந்தது, எனக்கு அப்போதுதான் கேட்டது. 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வோடு அதை ஒப்பிட்டார். ஒரே நீண்ட சுரமாக இல்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவான சின்னச்சின்ன ஒலிகளின் கூட்டம் என்றும் எழுதியிருக்கிறார். ஊரிகள் என்ற சின்னச் சங்குகள்தான் பாடுகின்றன என்று மீனவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரவரான விபுலாநந்த அடிகள் அதே ஒலியைக் கேட்டு 'நீரரமகளிர்' என்று கவிதையே செய்தார். சிலப்பதிகாரத்தை வைத்து மறைந்துபோன யாழைக் கணக்குப் போட்டுத் தேடிய மனிதர், வாவியிலும் காது வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ட்ரம்பெட்டுகள் சண்டை பிடிக்கிற 'தி நேஷனல் அன்தம்' உங்களுக்குச் சுலபமாகத்தான் இருக்க வேண்டும். வைகாசியில் உங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு அன்று நின்றிருப்பீர்கள்தானே? பறை ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், மணி, சனத்தின் குரவை, நடுவில் காவியம். எது எதோடு சேர்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாம் சேர்ந்து மேலே போகும். இந்தப் பாட்டில் கீழே ஒரே பேஸ் கிட்டார் வரி, யோர்க் தன் பதினாறு வயதில் எழுதியது, கடைசிவரை மாறாமல் ஓடும். ஊதுகிறவர்களிடம் வாகன நெரிசல்போல ஊதச் சொன்னார்களாம். சார்ல்ஸ் மிங்கஸின் ஜாஸ் கச்சேரிதான் அதற்கு முன்மாதிரி. அந்த பேஸ் வரியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

'இடியோடெக்'கில் திரும்பத் திரும்ப வரும், பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அந்த நாலு கோர்ட்டுகளின் பயணம் எனக்கு அதிசயம். போல் லான்ஸ்கி என்ற அமெரிக்கர் 1973இல் பிரின்ஸ்டனில் ஒரு பெரிய ஐபிஎம் கணினியில் செய்த இசையிலிருந்து வெட்டி எடுத்தவை அவை. அவர் அந்த இசைக்குப் பெயர் எடுத்ததோ 1865இல் மேடையேறிய வாக்னரின் ஒபரா என்ற இசைநாடகம் ஒன்றின் கடைசிப் பாடலிலிருந்து. ஜொனி கொடுத்த ஐம்பது நிமிட ஒலிநாடா ஒன்றில் யோர்க் பயன்படுத்தியது ஒரு நிமிடத்துக்கும் குறைவான பகுதியைத்தான்.

எல்லாம் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெயர்ப் பாட்டான 'கிட் ஏ' இன்றுவரை என்னைத் தொடவில்லை. குரலை இயந்திரத்துக்குள் விட்டு எடுத்திருக்கிறார்கள், எனக்கு அதில் மூச்சு கேட்கவில்லை. பாதி நாள் அதைத் தாண்டிப் போய்விடுவேன். முதல் பாட்டான 'எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்' எனக்குக் கடைசியாகத்தான் வசப்பட்டது. வழமையான நாலுக்குள் அடங்காமல் பத்து எண்ணிக்கையில் சுற்றுகிறது. முதலில் அதில் தடுக்கித்தான் வெளியே விழுந்தேன், இப்போது அந்தச் சுற்று நிற்கக்கூடாது என்று இருக்கிறது.

இது ரொக்கா, ஜாஸா என்று கேட்டீர்கள். அவர்களுக்கு 2001இல் கிராமி கொடுத்தவர்கள் 'ஒல்டர்நேட்டிவ்' என்ற பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள், வேறு பெட்டி இல்லை. டச்பாரில் எங்கள் அயலில் இருந்த பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை வாசிப்பார்கள். வயலின், கிட்டார், போர்த்துக்கேயக் கிரியோல் சொற்கள், ஆபிரிக்கத் தாளம், ஆடுகிறவர்களோ மட்டக்களப்பில் பிறந்தவர்கள். அதற்கு என்ன வகை என்று அந்தப் பந்தலில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வயலின் எழும்பினால் கால் எழும்பும். நானும் என் வயதுப் பிள்ளைகளும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆடுவோம். சுனாமி அந்தக் குடும்பங்களில் பலரைக் கொண்டுபோய்விட்டது. அந்த வயலினை இன்னொரு தரம் கேட்க நான் எதையும் கொடுப்பேன்.

சரி, வீட்டுப்பாடம் வேண்டாம். பஸ்ஸிலும் வேண்டாம், அந்த இரைச்சலில் இந்த அல்பத்தின் பாதி காதில் விழாது. கொஞ்ச நாள் அதை விட்டுவிடுங்கள். பிறகு ஒரு நாள் வீட்டில் ஏதாவது கைவேலை இருக்கும்போது கடைசிப் பாட்டை மட்டும் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் அதோடு சரி, நான் மறுபடி சொல்ல மாட்டேன். உங்கள் வாசல் வேறு எந்த ஒலியாகவும் இருக்கலாம்.

ஒன்று மட்டும். பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள். சீடியில் அந்தக் கடைசித் தடத்துக்குள்ளேயே, ஓர்கன் ஓய்ந்த பிறகு ஒரு நிமிடம் போல ஒன்றும் கேட்காது. முடிந்துவிட்டது என்று நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். புளியந்தீவு வீட்டில் ஒரு இரவு எழும்பிப்போய் நிறுத்தச் சோம்பலில் அப்படியே கிடந்தேன். அந்த மௌனத்துக்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு ஒலி பொங்கி வந்து, ஒரு நிமிடம்கூட நிற்காமல் போய்விட்டது. சிநேகிதியும் தூங்கவில்லை. "என்னடி அது?" என்று இருட்டுக்குள் கேட்டாள்.

அன்புடன்,
அக்கா